பாரமான அறுவடை இயந்திரங்களை மாவட்டம் விட்டு மாவட்டம் கொண்டு செல்லும் முறை

நெற்பயிர் விளைந்து முற்றிய பின்னர் அதனைக் காலந்தாழ்த்தாது வெட்டி எடுத்தல் ஒவ்வொரு கமக்காரனதும் பெருங்கவலையாகும். முற்றிய கதிர் வயலில் நிற்கும் ஒவ்வொரு நாளும் மணி உதிரும். மழை பெய்யின் பயிர் சாயும். சாய்ந்த கதிரில் நெல் முளைகொள்ளும். முற்காலத்தில் அரிவாளும் கூலியாட்களும் எருமைகளும் கொண்டு பல நாட்களிற் செய்து முடிக்கப்பட்ட அரிவுவெட்டும் சூடடிப்பும் இன்று உலர்வலயத்தின் பெரும்பாலான வயல்களில் ஒரே இயந்திரத்தினால் ஒரே பொழுதில் முடிக்கப்படுகின்றன. இவ்வியந்திரம் கதிரை வெட்டி, அடித்து, தூற்றி, நெல்லைத் தனியே பிரித்துத் தருகின்றது.

ஆயின், இத்தகைய விலையுயர்ந்த இயந்திரத்தை ஓர் ஊரின் வயல்களை மாத்திரம் நம்பி வைத்திருத்தல் உடைமையாளருக்குக் கட்டுபடியாகாது. நெல் முற்றுங் காலம் இடத்துக்கிடம் வேறுபடுவதால், மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களில் வேலை முடித்த இயந்திரம் லொறியில் ஏறிப் பொலன்னறுவைக்கும் அனுராதபுரத்துக்கும் செல்கின்றது. வேறொன்று வவுனியா, கிளிநொச்சி, மன்னார் மாவட்டங்களுக்குச் செல்கின்றது. சிறுபோகத்திலும் இவ்வாறே. இப்போக்குவரவு கமக்காரருக்குப் பெரும் நன்மையானது. ஊரில் இயந்திரம் இல்லாத கமக்காரனும் உரிய நாளில் தன் நெல்லை வெட்டிக்கொள்ள இதுவே வழி.

இந்நன்மையோடு மூன்று தீமைகளும் வரக்கூடும். முதலாவது, ஏற்றுமிடத்திலும் இறக்குமிடத்திலும் வீதியிலும் நிகழும் விபத்து. இரண்டாவது, கவனமின்றிக் கட்டப்பட்ட இயந்திரம் பழுதடைந்து அறுவடை தடைப்படுதல். மூன்றாவது, ஒரு மாவட்டத்தின் களை வித்துக்களும் நோய்க் கிருமிகளும் மற்றொரு மாவட்டத்தின் வயல்களிற் புகுதல். முதல் இரண்டும் உடனே கண்ணுக்குத் தெரிவன. மூன்றாவதோ அடுத்த போகத்திலேயே தெரியவரும். அப்பொழுது இயந்திரமும் சாரதியும் வேறெங்கோ சென்றிருப்பர். ஆதலின் இம்மூன்றையும் தவிர்க்கும் முறைகளை இயந்திர உடைமையாளர், சாரதி, வாடகைக்கு அமர்த்தும் கமக்காரர் ஆகிய யாவரும் அறிந்திருத்தல் அவசியம்.

இயந்திரத்தோடு பயணஞ்செய்யும் வித்துக்கள்

நெல்வயல்களுக்கு இன்று பெருந்தொல்லையாயுள்ள களைகளுள் ஒன்று களைநெல். சில பகுதிகளில் இதனைப் பன்றிநெல் எனவும் வழங்குவர். இது நெல்லினத்தையே சேர்ந்தது. ஆதலால், சாதாரண நெல் வயலில் நெற்பயிருக்குத் தீங்கு செய்யாது களைநெல்லை மாத்திரம் அழிக்கத்தக்க களைநாசினி இல்லை. இளம் பருவத்தில் இதனை நெல்லிலிருந்து பிரித்தறிதல் கடினம். பின்னர் இது பெரும்பாலும் நெல்லிலும் உயர்ந்து வளர்ந்து முன்னரே பூக்கும். நெல் வெட்டப்படுமுன்னரே இதன் மணிகளிற் பெரும்பகுதி நிலத்தில் உதிர்ந்துவிடும். உதிர்ந்த மணி உறங்குநிலையில் மண்ணிற் கிடந்து, பின்வரும் போகங்களில் ஒன்றன்பின் ஒன்றாக முளைக்கும். ஒருமுறை வயலிற் புகுந்துவிட்டால் அதனை முற்றாக நீக்குதற்குப் பல போகங்கள் உழைக்க வேண்டும்.

உதிராது எஞ்சிய களைநெல் மணிகள் அறுவடை இயந்திரத்தினுள் நெல்லோடு நெல்லாகச் செல்கின்றன. இயந்திரத்தின் தொட்டியிலுள்ள நெல்லைச் சாக்குகளில் இறக்கிய பின்னரும் அதன் உள்ளே நெல் எஞ்சியிருக்கும். வெட்டும் பகுதியின் மூலைகளிலும், சூடடிக்கும் உருளையின் அடியிலும், சல்லடைகளின் மேலும், நெல்லை மேலே தூக்கும் குழாயின் அடிப்பெட்டியிலும், தொட்டியின் அடியிலும், திருகுக் குழாயிலும் மணிகள் தங்கும். சங்கிலிச் சில்லின் இடுக்குகளில் ஒட்டிய சேற்றிலும் வித்துக்கள் புதைந்திருக்கும்.

இதன் அளவை ஒரு கணக்கினால் உணரலாம். நடுத்தரப் பருமனுள்ள நெல்லின் ஆயிரம் மணிகள் ஏறக்குறைய 25 கிராம் எடையுள்ளவை. எனவே ஒரு கிலோகிராம் நெல்லில் ஏறக்குறைய 40,000 மணிகள் உள்ளன. இயந்திரத்தினுள் 5 கிலோகிராம் நெல் மாத்திரமே எஞ்சியிருப்பதாகக் கொள்வோம். அது 2 இலட்சம் மணி. அதில் ஆயிரத்துக்கு ஒன்று வீதம் களைநெல் கலந்திருப்பினும், 200 களைநெல் வித்துக்கள் புதிய வயலுக்கு வந்து சேர்கின்றன. அவற்றுட் பாதி முளைத்துக் கதிர் தள்ளினால், ஒவ்வொன்றும் நூற்றுக்கணக்கான மணிகளை அவ்வயலிலேயே உதிர்க்கும். வாடகைப் பணத்தைக் கொடுத்துத் தன் வயலிற் களையை விதைப்பித்துக்கொண்டவனாகக் கமக்காரன் ஆகிவிடுகின்றான்.

விதைநெல் உற்பத்தி செய்வோருக்கு இத்தீமை இன்னும் கொடிது. கலப்பு நெல் காணப்படின் அவர்களது விளைவு விதைநெல்லாக ஏற்கப்படாது சாதாரண நெல்லின் விலைக்கே விற்கப்படும். ஒரு போகத்தின் உழைப்பு ஒரு மணி நேரச் சோம்பலால் இழக்கப்படும்.

பார்த்தீனியமும் இவ்வாறு பரவும் களையே. வடமாகாணத்திற் பல இடங்களிற் பெருகியுள்ள இச்செடி ஒன்றே ஆயிரக்கணக்கான நுண்ணிய வித்துக்களைத் தரும். அவை சேற்றோடும் வைக்கோற் கூளத்தோடும் ஒட்டி நெடுந்தூரம் செல்லும். இதனைத் தொடுவோருக்குத் தோலரிப்பும் சுவாசத் தொல்லையும் உண்டாகக் கூடும். பயிர்களுக்குத் தீங்கு செய்யும் உயிரிகளும் களைகளும் பரவாது தடுத்தற்காக இலங்கையில் 1999 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கப் பயிர்ப் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டுள்ளது. ஆயினும் சட்டத்தினும் விரைவாகப் பயன்தருவது விளக்குமாறே.

இயந்திரத்தைச் சுத்தஞ்செய்யும் முறை

சுத்தஞ்செய்தல் வேலை முடிந்த வயலிலேயே, அல்லது அவ்வயலுக்கு அண்மையிலுள்ள கடினமான மேட்டு நிலத்திலேயே நடைபெற வேண்டும். வாய்க்காற் கரையிலும் குளக்கரையிலும் ஒருபோதும் செய்யலாகாது. கழுவிய நீரோடு வித்து எல்லா வயல்களுக்கும் பாயும். கீழ்வரும் ஒழுங்கைக் கைக்கொள்க.

1. தொட்டியிலுள்ள நெல்லை முற்றாக இறக்குக. பின்னர் இயந்திரத்தின் அடிக்கும் பகுதியையும் தூற்றும் பகுதியையும் சில நிமிடங்கள் வெறுமையாக ஓடவிடுக. காற்றாடியின் வேகத்தைக் கூட்டினால் சல்லடையிற் கிடக்கும் கூளம் வெளியேறும்.

2. எஞ்சினை நிறுத்தித் திறப்பைக் கழற்றிச் சாரதி தன் மடியில் வைத்துக்கொள்ளுக. வெட்டும் பகுதியை உயர்த்தி வைப்பதாயின் அதன் தாங்கிப் பூட்டைப் போட்டு, அடியில் வலிய மரக்கட்டையும் வைக்க. எண்ணெய் அழுத்தத்தை மாத்திரம் நம்பி அதன் கீழே ஒருவரும் புகலாகாது.

3. அடியிலுள்ள மூடிகள், தூக்கு குழாய்களின் அடிப்பெட்டிகள், திருகுகளின் வாயில்கள் ஆகிய எல்லாவற்றையும் திறந்து எஞ்சிய நெல்லைக் கீழே விரித்த படங்கில் விழச்செய்க.

4. மேலிருந்து கீழாகவும், முன்னிருந்து பின்னாகவும் தூரிகையாலும் விளக்குமாற்றாலும் கூட்டுக. காற்று ஊதும் கருவி இருப்பின் மிகவும் நன்று. கீழே தொடங்கி மேலே செல்வோர் இருமுறை வேலை செய்வர்.

5. மூடிகளை மூடி மீண்டும் இரண்டு நிமிடம் வெறுமையாக ஓடவிட்டு நிறுத்தி, மறுபடியும் திறந்து பார்க்க. இம்முறையும் நெல் விழுமாயின் வேலை முடியவில்லை என அறிக.

6. இறுதியாகச் சங்கிலிச் சில்லிலும் அடிப்பகுதியிலும் ஒட்டிய சேற்றைச் சுரண்டி எடுத்துக் கழுவுக. மின்கம்பிகள், பற்றரி, காற்று வடிகட்டி என்பவற்றின் மேல் நீர் படலாகாது.

7. படங்கிற் சேர்ந்த நெல்லையும் கூளத்தையும் வயலிற் கொட்டாது எரிக்க, அல்லது ஆழக் குழி தோண்டிப் புதைக்க.

இவ்வேலைக்கு இருவர் சேர்ந்து உழைப்பின் ஒன்றிரண்டு மணி நேரம் செல்லும். இதற்குரிய கூலியை வாடகையோடு முன்னரே பேசி முடித்தல் நல்லது. கூலி பேசப்படாத வேலை பெரும்பாலும் செய்யப்படாத வேலையாகவே முடியும்.

பயணத்துக்கு முன் அறிய வேண்டியவை

லொறியை அமர்த்துமுன் இயந்திரத்தின் எடை, நீளம், அகலம், உயரம் ஆகிய நான்கையும் எழுதி வைக்க. ஏறக்குறைய 70 குதிரைவலுவுடைய சங்கிலிச் சில்லு அறுவடை இயந்திரத்தின் எடை 3 தொன்னளவாகும். நான்கு சில்லு உழவு இயந்திரம் சாதாரணமாக 2 தொன்னளவு. சுழற்கலப்பை பூட்டியிருப்பின் இன்னும் கூடும். சரியான எடையை இயந்திரத்தின் கைநூலில் அல்லது அதன் தகட்டிற் காணலாம். லொறி தாங்கத்தக்க பாரத்தை அதன் பதிவுப் பத்திரத்திற் பார்த்து, இயந்திரத்தின் எடையோடு எரிபொருள், கருவிகள், சங்கிலிகள் என்பவற்றின் எடையையும் கூட்டி ஒப்பிடுக. மிகைபாரம் ஏற்றிய லொறி ஏற்றத்தில் ஏறக்கூடும், இறக்கத்தில் நிற்காது.

உயரத்தை அளத்தல் இன்றியமையாதது. இயந்திரத்தின் உயரம் 2.8 மீற்றர், லொறித் தட்டின் உயரம் 1 மீற்றர் எனின், நிலத்திலிருந்து 3.8 மீற்றர் ஆகின்றது. பெருந்தெருவில் இவ்வுயரம் தடையின்றிச் செல்லலாம். ஆனால் ஊர்ப்பாதையில் வீட்டுக்கு வீடு செல்லும் மின்கம்பிகளும் தாழ்ந்த மரக்கிளைகளும் இவ்வுயரத்தில் தட்டக்கூடும். ஏற்றி முடிந்த பின்னர் உச்சி வரை ஒரு கம்பினால் அளந்து அவ்வளவைச் சாரதியின் இருக்கைக்கு முன்னே எழுதி வைக்க.

செல்லும் வழியை முன்னரே தீர்மானிக்க. நம் நாட்டின் பல வழிகள் முன்னரிலும் இலகுவாகியுள்ளன. மட்டக்களப்புக்கும் பொலன்னறுவைக்கும் இடையே மன்னம்பிட்டியில் புகையிரதமும் மோட்டார் வாகனங்களும் ஒரே பழைய இரும்புப் பாலத்தைப் பயன்படுத்திய நிலை, 2007 ஆம் ஆண்டிற் புதிய வீதிப் பாலம் திறக்கப்பட்டதோடு நீங்கியது. 2009 ஆம் ஆண்டிற் கிண்ணியாப் பாலமும், 2011 ஆம் ஆண்டிற் பூநகரிக்கும் யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கும் இடையேயான சங்குப்பிட்டிப் பாலமும் திறக்கப்பட்டன. ஆயினும் பெருந்தெருவிலிருந்து வயலுக்குச் செல்லும் கடைசி இரண்டு மைல் வழியே பெரும்பாலும் இடர்ப்பாடானது. அங்குள்ள மதகுகளும் குழாய்ப் பாலங்களும் வண்டிப் போக்குவரவுக்கெனக் கட்டப்பட்டவை. ஐயமுள்ள மதகின் முன்னரே இயந்திரத்தை இறக்கி, லொறியின் பாரத்தையும் இயந்திரத்தின் பாரத்தையும் தனித்தனியே கடக்கச் செய்க. வாடகைக்கு அழைக்கும் கமக்காரர் அவ்வழியைத் தாமே நடந்து பார்த்துச் சாரதிக்கு முன்னரே அறிவித்தல் வேண்டும்.

ஏற்றுதல்

இயந்திரம் கவிழும் விபத்துக்களிற் பல ஏற்றும் பலகையிலேயே நிகழ்கின்றன. ஆதலின் லொறியை மட்டமான கடினத் தரையில் நிறுத்தி, கைத்தடையைப் போட்டு, சில்லுகளுக்கு முன்னும் பின்னும் கட்டை வைக்க. ஏற்றும் பலகைகள் லொறித் தட்டின் உயரத்தைப்போல் நான்கு மடங்கு நீளமுடையனவாய் இருத்தல் வேண்டும். தட்டு 1 மீற்றர் உயரமாயின் பலகை 4 மீற்றருக்குக் குறையலாகாது. இதனிலும் குறுகிய பலகையிற் சாய்வு செங்குத்தாகி இயந்திரம் பின்னே மறியும். பலகையின் மேல்நுனியிற் கொளுக்கி இருத்தல் வேண்டும். அது லொறியின் பின்பக்கத்தில் நன்கு மாட்டப்படல் வேண்டும். கொளுக்கியில்லாப் பலகை இயந்திரத்தின் உந்தலாற் பின்னே வழுக்கி விழும்.

தகுந்த பலகை இல்லாத இடத்தில் இயல்பான மண்மேடு ஒன்றைத் தேடி, லொறியின் பின்பக்கத்தை அதனோடு சேர்த்து நிறுத்தி ஏற்றலாம். மழை பெய்து நனைந்த மேட்டின் விளிம்பு இடிந்துவிழும் என்பதை மறவாதீர்கள்.

ஏற்றும்போது சாரதியைத் தவிர வேறெவரும் இயந்திரத்தின்மேல் இருத்தலாகாது. வழிகாட்டுபவர் ஒருவரே, அவரும் பலகைக்குப் பின்னே நில்லாது, சாரதிக்குத் தெரியும்படி பக்கத்தே விலகி நிற்க வேண்டும். பலர் கூடி நின்று பலவாறு கத்தினால் சாரதி எவரது சொல்லையும் கேளார். மிகத் தாழ்ந்த கியரில் ஏறுக; பலகையின் மேல் கியரை மாற்றலாகாது, கிளச்சை மிதிக்கலாகாது, திசையைத் திருப்பலாகாது. நேர் தவறின் மெதுவாகக் கீழே இறங்கி மீண்டும் தொடங்குக. பின்சில்லினால் மாத்திரம் இயங்கும் உழவு இயந்திரத்தின் பாரமிகுந்த பகுதி பின்பகுதியாதலின், அது மேட்டுப்பக்கம் இருக்குமாறு பின்னோக்கி ஏற்றி, முன்னோக்கி இறக்குதல் பாதுகாப்பானது. அறுவடை இயந்திரத்தை அதன் கைநூலிற் கூறப்பட்ட திசையிலேயே ஏற்றவும் இறக்கவும் வேண்டும்.

இயந்திரத்தின் பாரம் லொறியின் பின்னச்சுக்குச் சற்று முன்னே அமையுமாறு நிறுத்துக. மிகப் பின்னே நிறுத்தினால் லொறியின் முன்சில்லுகள் இலேசாகி வழிதிருப்புதல் கடினமாகும்.

கட்டுதல்

இயந்திரத்தின் கைத்தடை அதனை லொறியில் நிறுத்தி வைக்கும் என எண்ணுதல் தவறு. லொறி திடீரென நிற்கும்போது 3 தொன் இயந்திரம் தான் சென்ற வேகத்திலேயே முன்னே செல்ல முயலும். சேறு படிந்த இரும்புத் தட்டில் இறப்பர்ச் சங்கிலிச் சில்லு சவர்க்காரத்தின் மேல் வைத்த கல்லைப்போல் வழுக்கும். அதன் முன்னே இருப்பது சாரதியின் முதுகு.

ஆகவே இயந்திரத்தை நான்கு மூலைகளிலும் இரும்புச் சங்கிலியால், அல்லது இறுக்கும் கருவியுடைய வலிய நாடாவினாற் கட்டுக. முன்னுள்ள இரண்டும் முன்னோக்கியும், பின்னுள்ள இரண்டும் பின்னோக்கியும் இழுத்து நிற்க வேண்டும். தும்புக் கயிறும் நைலோன் கயிறும் இழுபட்டுத் தளர்வதால் இதற்கு உதவா. சங்கிலியை இயந்திரத்தின் உடற்சட்டத்தில் கட்டுவதற்கென அமைந்த இடத்திலேயே மாட்டுக. எண்ணெய்க் குழாய், வெட்டும் கத்தி, ஏணி, கைப்பிடி என்பவற்றில் மாட்டலாகாது. சில்லுகளுக்கு முன்னும் பின்னும் மரக்கட்டை வைத்து ஆணியறைக. வெட்டும் பகுதியைத் தாழ்த்தி மரக்கட்டையின் மேல் அமரச் செய்க. நெல் இறக்கும் குழாயை மடித்துப் பூட்டுக. எஞ்சின் மூடி, பக்க மூடிகள், படங்கு ஆகியவை காற்றிற் திறவாதவாறு கட்டுக. எஞ்சினை நிறுத்தித் திறப்பைக் கழற்றுக.

ஐந்து அல்லது பத்துக் கிலோமீற்றர் சென்றதும் வீதியோரம் நிறுத்திச் சங்கிலிகளை மீண்டும் இறுக்குக. முதலில் இறுக்கிய கட்டு, பாரம் அமர்ந்தபின் தளர்ந்திருத்தல் இயல்பே.

வீதியிற் செல்லுங்கால்

கூடுமானவரை பகற்பொழுதிலேயே பயணஞ்செய்க. ஹபரணை, பொலன்னறுவைப் பகுதி வீதிகளில் இரவில் யானைகள் கடப்பதுண்டு. அறுவடைக் காலத்திற் பல இடங்களில் வீதியின் ஓரத்தில் நெல் காயவிடப்பட்டிருக்கும். அதன் பக்கத்திற் பிள்ளைகளும் இருப்பர். வழுக்கும் நெல்லின் மேல் பிறேக் பிடித்தல் ஆபத்தானது. லொறித் தட்டுக்கு வெளியே நீண்டுள்ள பகுதிகளின் நுனியிற் பகலிற் சிவப்புத் துணியும், இருட்டிற் சிவப்பு விளக்கும் இருத்தல் வேண்டும்.

தாழ்ந்த மின்கம்பியைக் காணின் லொறியை நிறுத்துக. ஒருவர் இயந்திரத்தின் மேல் ஏறிக் கம்பினாலோ கையாலோ மின்கம்பியைத் தூக்கிவிடும் வழக்கம் உயிரைப் போக்கும். காய்ந்த கம்பு என நினைப்பது உட்புறம் ஈரமாயிருக்கும். மின்சார அலுவலகத்துக்கு அறிவித்து அவர்கள் வந்து உதவும்வரை காத்திருக்க, அல்லது வேறு வழியாற் செல்க. அரைநாள் தாமதம் அறுவடைக்குப் பெரிய நட்டமன்று. இயந்திரத்தில் மின்கம்பி பட்டுவிட்டால், மேலே இருப்பவர் அங்கேயே அசையாதிருக்க. கீழே நிற்பவர் கிட்டச் செல்லாதிருக்க.

லொறியில் ஏற்றாது சொந்தச் சில்லிற் செல்லும் உழவு இயந்திரங்களின் சாரதிகள் மேலும் சிலவற்றைக் கவனிக்க வேண்டும். வயலில் வளைவதற்காகத் தனித்தனியே மிதிக்கப்படும் இரண்டு பிறேக் மிதிகளையும் வீதிக்கு ஏறுமுன் ஒன்றாகப் பூட்டுக. ஒன்றை மாத்திரம் மிதித்தால் வேகத்தில் இயந்திரம் கவிழும். சேற்று வயலுக்குரிய இரும்புச் சில்லுகளைக் கழற்றுக. சுழற்கலப்பையின் இயக்கத்தை நிறுத்தி உயர்த்திப் பூட்டுக. இழுவைப் பெட்டியின் பின்புறத்தில் ஒளிதெறிக்கும் தகடுகளும் விளக்குகளும் இருத்தல் வேண்டும். விளக்கில்லா இழுவைப் பெட்டியை இரவிற் பின்வரும் வாகனச் சாரதி மோதும் வரை காணார். சில்லுக் காப்பின் மேலும் இழுவைப் பெட்டியின் பாரத்தின் மேலும் ஆட்களை, விசேடமாகப் பிள்ளைகளை, ஏற்றலாகாது. சாரதி அதற்குரிய வகுப்புச் சாரதி அனுமதிப் பத்திரம் உடையவராயிருத்தல் வேண்டும். நான்கு சில்லு உழவு இயந்திரத்துக்கு ஜீ வகுப்பும், இரு சில்லு இயந்திரத்துக்கு ஜீ 1 வகுப்பும் உரியவை. வருமான அனுமதிப் பத்திரமும் காப்புறுதியும் காலாவதியாகாதிருக்கின்றனவா என்பதைப் போகம் தொடங்குமுன் பார்த்துக்கொள்க.

பிறநாட்டார் அனுபவம்

அறுவடை இயந்திரங்களைப் பல மாநிலங்களுக்கூடாக அனுப்பி உணவைக் காத்தமைக்கு உலகில் முன்னுதாரணங்கள் உள. 1944 ஆம் ஆண்டில், இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்த வேளையில், மாசி ஹரிஸ் என்னும் கனேடியக் கம்பனியின் 500 தானியங்கு அறுவடை இயந்திரங்கள் அமெரிக்க ஐக்கிய நாடுகளின் தென்பகுதியிலிருந்து, கோதுமை முற்றிய ஒழுங்கில் வடக்கு நோக்கி மாநிலம் மாநிலமாகச் சென்று, 10 இலட்சத்துக்கு மேற்பட்ட ஏக்கரை அறுவடை செய்தன. இரும்பும் ஆட்பலமும் அருகிய காலத்தில், ஒரே இயந்திரத்தைப் பல மாநிலங்களிற் பயன்படுத்தியதே அதன் வெற்றிக்குக் காரணமாயிற்று. அந்நாட்டில் இன்று 10,000 இறாத்தலுக்கு மேற்பட்ட பார இயந்திரங்களை லொறியில் நான்கு கட்டுக்களுக்குக் குறையாது கட்டுதல் வேண்டும் என்பது வீதி விதி. அதனிலும் சிறிய நம் இயந்திரங்களுக்கும் அவ்விதி நன்மையே பயக்கும்.

இந்தியாவிற் பஞ்சாப் மாநிலத்து இயந்திரங்கள் கோதுமைப் பருவத்தில் மத்தியப் பிரதேசம் முதலான மாநிலங்களுக்குச் சென்று வெட்டித் திரும்புகின்றன. 2020 ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் தொற்றுநோய் காரணமாக அந்நாடு முழுவதும் முடக்கப்பட்டபோது, அறுவடை இயந்திரங்கள் மாநிலங்களுக்கிடையே செல்வதற்கு அம்மாதம் 27 ஆம் திகதி இந்திய உள்துறை அமைச்சு விலக்களித்தது. இயந்திரம் நின்றால் உணவும் நிற்கும் என்பதை இது காட்டுகின்றது.

அவுஸ்திரேலியாவில் வேறொரு பாடம் உண்டு. குயின்ஸ்லாந்து மாநிலத்திற் பரவிய பார்த்தீனியம் தம் வயல்களிற் புகாதவாறு, அங்கிருந்து வரும் அறுவடை இயந்திரங்கள் சுத்தஞ்செய்யப்பட்ட பின்னரே எல்லை கடக்க வேண்டும் என நியூ சவுத் வேல்ஸ் மாநிலம் விதித்துள்ளது. நமது மாவட்டங்களுக்கிடையே அத்தகைய எல்லைக் காவல் இல்லை. எனவே ஒவ்வொரு கமக்காரனும் தன் வரம்பிலே நின்று தானே காவல் செய்தல் வேண்டும்.

வயலில் இறக்குமுன் கமக்காரர் செய்ய வேண்டியவை

இயந்திரம் வரும் நாளைக் கமக்காரர் அமைப்பு ஒன்றுகூடித் தீர்மானித்தல் நல்லது. ஒரு வயற்பரப்பிலுள்ளோர் ஒருங்கே அழைப்பின் கொண்டுவரும் செலவு பகிரப்படும், சாரதியும் அவசரப்படார். அறுவடைக்கு ஏறக்குறைய இரண்டு வாரத்துக்கு முன்னர் நீரை வடியவிட்டால் நிலம் இறுகி இயந்திரம் புதையாது.

இயந்திரம் வந்ததும் ஊரின் எல்லையிலுள்ள ஒரு மேட்டு நிலத்தில் நிறுத்தி, தூக்கு குழாயின் அடிமூடியையும் தொட்டியின் அடியையும் திறந்து காட்டும்படி கேட்க. இது சாரதியை அவமதித்தலன்று. சந்தையில் விதை வாங்குவோன் சாக்கை அவிழ்த்துப் பார்ப்பது போன்றதே. நெல் காணப்படின் அங்கேயே சுத்தஞ்செய்விக்க.

வெட்டும் ஒழுங்கும் முக்கியமானது. களைநெல் இல்லாத வயல்களை முதலிலும், சிறிதளவு உள்ளவற்றைப் பின்னரும், மிகுந்துள்ளவற்றை இறுதியிலும் வெட்டுவிக்க. வயலில் முதலில் வெட்டிய இரண்டொரு சாக்கு நெல்லை விதைக்கென வைக்காது குற்றுவதற்கு அனுப்புக. விதைநெல்லுக்கென ஒதுக்கிய துண்டை இயலுமாயின் கையாலேயே அரிந்து எடுக்க.

மரக்கறிச் செய்கையாளருக்கு

மரக்கறி, உருளைக்கிழங்கு, வெங்காயம் என்பவற்றைப் பயிரிடுவோருக்கும் இவ்வறிவுரை பொருந்தும். அவர்களது நிலத்துக்கு வருவது உழவு இயந்திரமும் சுழற்கலப்பையுமே. தக்காளி, கத்தரி, உருளைக்கிழங்கு என்பவற்றை வாடச்செய்யும் பற்றீரியா மண்ணில் வாழ்வது. வேர்முடிச்சு வட்டப்புழுவும் அவ்வாறே. உருளைக்கிழங்கைத் தாக்கும் கூட்டு வட்டப்புழு நுவரெலியாப் பகுதியிற் காணப்பட்டுள்ளது. அதன் முட்டைகளடங்கிய கூடுகள் உலர்ந்த மண்ணில் ஆண்டுக்கணக்காகக் கிடக்கும். கோரைக் கிழங்குகளோ சுழற்கலப்பையின் கத்தியிற் சுற்றிய வேர்களோடு வந்து சேரும். ஒரு பிடி மண் போதும். ஆகவே ஒரு தோட்டத்தில் வேலை முடிந்ததும் கலப்பையின் கத்திகளிலும் சில்லுகளிலும் உள்ள மண்ணை அங்கேயே சுரண்டிக் கழுவி, உலர்ந்தபின் மறு தோட்டத்துக்குச் செல்ல வேண்டும். நோயுள்ள தோட்டத்தை அன்றைய நாளின் கடைசியில் உழுவித்தல் சிறந்தது.

நினைவிற் கொள்ள வேண்டியவை

1. வேலை முடிந்த இடத்திலேயே சுத்தஞ்செய்க. வந்த இடத்திற் சோதித்துப் பார்க்க.
2. எடையும் உயரமும் அறியாது ஏற்றாதீர்கள்.
3. பலகை நான்கு மடங்கு நீளம். கட்டு நான்கு மூலையிலும்.
4. மின்கம்பியைத் தொடாதீர்கள், தூக்காதீர்கள்.
5. நல்ல வயல் முதலில், களைவயல் கடைசியில்.
6. எஞ்சின் ஓடுகையில் கையை உள்ளே விடாதீர்கள்.

ஓர் இயந்திரம் ஒரு போகத்திற் பல மாவட்டங்களின் நெல்லைக் காப்பாற்றும். கவனியாதுவிடின் பல மாவட்டங்களின் வயல்களையும் கெடுக்கும். இவ்விரண்டுள் எது நிகழ்வது என்பது உடைமையாளரும் கமக்காரரும் செலவிடும் ஒன்றிரண்டு மணி நேரத்திலேயே தங்கியுள்ளது. உங்கள் வயலில் ஐயத்துக்கிடமான நெற்பயிரைக் கண்டால் கதிரோடு ஒரு செடியைப் பிடுங்கி, உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியரிடம், அல்லது அண்மையிலுள்ள கமநல சேவை நிலையத்தில் காட்டி ஆலோசனை பெறுக.